கிறுக்கல் விழுந்த பழைய பேஸ்பால் அட்டைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட, அமெரிக்காவின் பழைய அட்டைகளைச் சேர்க்கத் தொடங்குபவர்கள், மழுங்கிய மூலையையோ பென்சில் எழுத்தையோ கண்டதும் அதை எப்படியாவது சரிசெய்துவிடத் துடிக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித் துடித்தவன்தான். ஆகவே, ரப்பர் பட்டை போட்டுக் கட்டாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள் போன்ற எவரும் அறிந்த அறிவுரைகளை விடுத்து, கைப்பணத்தைக் கரைக்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

எழுத்தை அழிப்பது

சில ஆண்டுகளுக்கு முன், டாப்ஸ் என்ற அட்டை நிறுவனம் 1954ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுதியின் 128ஆம் எண் அட்டை, அதாவது புகழ்பெற்ற வீரர் ஹேங்க் ஆரனின் முதல் அட்டை, என் கைக்கு வந்தது. மூலைகள் தேய்ந்திருந்தன, பின்புறத்தில் யாரோ ஒரு சிறுவன் பென்சிலால் தன் பெயரை எழுதி வைத்திருந்தான். வெள்ளை ரப்பரால் இரண்டே நிமிடத்தில் அந்தப் பெயரைப் போக்கிவிட்டு, அட்டையின் நிலையைப் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் தரும் தர மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினேன். மாற்றம் செய்யப்பட்ட அட்டை என்ற குறிப்போடு, மதிப்பெண் எதுவுமின்றி அது திரும்பி வந்தது.

அக்கால அட்டைகளின் பின்புறத்தில் பளபளப்புப் பூச்சு கிடையாது என்பதால், பென்சில் தூள் காகித நார்களுக்குள் இறங்கிவிடுகிறது. தேய்க்கும்போது தூளோடு நார்களும் அச்சு மையும் சேர்ந்து பெயர்கின்றன. ஆனால் எழுதியபோது அழுந்திய பள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அந்தச் சிறுவனின் பெயரை இன்றும் என்னால் படிக்க முடிகிறது. எழுத்தை விட்டுவைத்திருந்தால், மதிப்பெண் குறைந்தாலும் ஓர் எண்ணாவது கிடைத்திருக்கும். பிஎஸ்ஏ என்ற தர மதிப்பீட்டு நிறுவனம் இத்தகைய அட்டைகளுக்கு மதிப்பெண்ணோடு, எழுத்து உள்ளதைக் காட்டும் 'எம்கே' என்ற குறியைச் சேர்த்துத் தருவதும் உண்டு. பென்சில் எழுத்தை அழிப்பது குற்றமாகாது என்று சில மூத்த சேகரிப்பாளர்கள் இன்றும் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அழித்ததை மறைத்து விற்பது மோசடி என்பதை அவர்கள் சொல்லிக்கொடுப்பதில்லை.

தேய்ந்ததெல்லாம் குப்பை என்று நினைப்பது

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பெட்டிகளில் வைத்துக் கொடுத்த அட்டைகளைச் சேகரிப்பாளர்கள் டி206 தொகுதி என்கிறார்கள்; அதில் ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் அட்டை மிக அரிது. பத்துக்கு இரண்டு மதிப்பெண் மட்டுமே பெற்ற அப்படியோர் அட்டை, 2022இல் 72.5 லட்சம் டாலருக்கு விற்பனையானது. அதே தொகுதியில் ஏராளமாகக் கிடைக்கும் வீரர் ஒருவரின் அட்டை அதே அளவு தேய்ந்திருந்தால், அதற்கு அந்த யோகம் இல்லை.

பேனா எழுத்தெல்லாம் கிறுக்கல் என்று முடிவுகட்டுவது

அது அட்டையிலுள்ள வீரரே இட்ட கையொப்பமாக இருக்கலாம். அதன் உண்மைத்தன்மையைத் தனியே சரிபார்க்காமல் விலை சொல்லாதீர்கள்.

ஓரத்தை வெட்டுவது

வேண்டாம்.

பின்புறத்தைப் படமெடுத்து அனுப்பக் கேட்காமல் வாங்குவது

சிறுவர்கள் பெயர் எழுதுவது பெரும்பாலும் அங்கேதான்.