மைக்கை கைல குடுத்துட்டா லீடர் ஆயிடுவாங்களா? பசங்களுக்கு சொல்லிக்குடுக்கறப்ப நாம பண்ற தப்புகள்

எங்க ஸ்டூடன்ட் கிளப் பசங்க கையால வரைஞ்ச புக்மார்க் விக்கலாம்னு ஒரு ப்ராஜெக்ட் ஆரம்பிச்சாங்க. ஆர்டர் எடுக்க கூகுள் ஃபார்ம், அதுல பேரு, கிளாஸ், போன் நம்பர்னு எல்லாத்தையும் கேட்டு வாங்கிட்டு, பதிலெல்லாம் போய் விழுற ஷீட்டை "லிங்க் வெச்சிருக்கிற யாரும் எடிட் பண்ணலாம்"னு செட் பண்ணி அப்படியே குரூப்ல போட்டுட்டாங்க. ரெண்டே நாள், 60 பேரோட நம்பரும் குரூப்ல இருந்த எல்லார் கைலயும். எவனோ உள்ள போயி பாதி பேருக்கு பட்டப்பேர் வேற எழுதி வெச்சிருந்தான்.

இத்தனைக்கும் அதுக்கு முந்தின வாரம்தான் ஆன்லைன் பாதுகாப்பு பத்தி நானே ஒரு மணி நேரம் ஸ்லைடு போட்டு பேசியிருந்தேன், எல்லாரும் நல்லா தலையாட்டினாங்க. அப்புறம் அந்த ஸ்லைடை எடுத்து பாத்தா முழுக்க முழுக்க பயமுறுத்தல்தான், ஹேக்கர் வருவான், தெரியாதவன் மெசேஜ் பண்ணுவான், பாஸ்வேர்ட் சொல்லாதன்னு. அதாவது அவங்க ஏமாறாம இருக்கறது எப்படின்னு மட்டும் சொல்லியிருக்கேன், அடுத்தவங்க விவரம் அவங்க கைல வந்தா என்ன பண்ணணும்னு ஒரு வரி கூட இல்ல. நிறைய பேர் பண்ற தப்பு இதுதான்னு நினைக்கிறேன்.

இப்பல்லாம் ஃபார்ம் போடறதுக்கு முன்னாடி பசங்களையே உக்கார வெச்சு கேக்கறேன், இந்த நம்பர் எதுக்கு, யாரெல்லாம் பாப்பாங்க, வேலை முடிஞ்சா எப்ப அழிப்போம்? எதுக்குன்னு பதில் வரலைன்னா அந்த கேள்வியவே தூக்கிடணும். புக்மார்க் குடுக்க பேரும் கிளாஸும் போதும், போன் நம்பர் தேவையே இல்ல.

இன்னொன்னு, "13 வயசு ஆயிடுச்சு, இனி சோஷியல் மீடியா அவங்களே பாத்துப்பாங்க"ன்னு விட்டுடறது. அந்த 13 எங்கேர்ந்து வந்துச்சுன்னா, அமெரிக்காவுல 1998-ல போட்ட ஒரு சட்டத்துலேர்ந்து. 13 வயசுக்கு கீழ இருக்கற குழந்தைகளோட தகவலை பெத்தவங்க சம்மதம் இல்லாம வெப்சைட்டுங்க வாங்கக்கூடாதுன்னு சொன்னது, அதான் நிறைய ஆப்ல அந்த நம்பர் அப்படியே நிக்குது. பக்குவத்துக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்ல. ஐரோப்பாவுல 16-ன்னு வெச்சு, நாடுங்க வேணும்னா 13 வரைக்கும் குறைச்சுக்கலாம்னு விட்டிருக்காங்க, இந்தியாவோட 2023 தகவல் பாதுகாப்பு சட்டத்துல 18 வயசு வரைக்கும் குழந்தைதான்.

சரி, லீடர்ஷிப்புக்கு வருவோம். யாரு நல்லா பேசறாங்களோ, யாரு நல்ல மார்க் வாங்கறாங்களோ, அவங்க சட்டைல ஒரு பேட்ஜ் குத்தி விட்டுட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கறோம். வருஷம் பூரா அதே ரெண்டு பேர், மத்தவங்க கைதட்ட. 1939-ல குர்ட் லெவின்ங்கற உளவியலாளரும் அவர் கூட இருந்தவங்களும் பத்து வயசு பசங்களோட கிளப்புகளை வெச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அதட்டி வேலை வாங்கின குரூப்ல பெரியவர் ரூமை விட்டு வெளிய போனதுமே வேலை படுத்துடுச்சு, பசங்களே கலந்து பேசி முடிவு பண்ணின குரூப்ல அவர் இல்லாதப்பவும் ஓடிச்சு. நான் இந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கிட்டேன், மீட்டிங் நடுவுல எழுந்து வெளிய போயிடுவேன். திரும்பி வர்றப்ப எல்லாரும் போனை நோண்டிட்டு இருந்தா தப்பு பசங்க மேல இல்ல, நான் இன்னும் முடிவை கைமாத்தி விடலைன்னு அர்த்தம். பொறுப்பை சின்னதா, முடியற தேதியோட குடுங்க. கூச்சப்படற பசங்க கூட "ரெண்டு வாரம் கணக்கு உன்னோடது"ன்னா பட்டுனு எடுத்துப்பாங்க.

பிசினஸ் பக்கம் பெரிய தப்பு, பிட்ச் போட்டியோட, அதாவது பிசினஸ் ஐடியாவை மேடையில சொல்ற போட்டியோட நிறுத்திடறது. கலர் கலரா ஸ்லைடு, கப்பு, போட்டோ, அவ்ளோதான். ஒருத்தர்கிட்டயாவது வித்தியான்னு கேட்டா இல்ல. அப்புறம் "வாங்குவீங்களா?"ன்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கேக்கறது, முகத்துக்கு நேரா யாரு மாட்டேன்னு சொல்லுவாங்க? எங்க பசங்க அதை நம்பித்தான் 100 செஞ்சாங்க, ஆர்டர் 60, மீதி 40 இன்னும் அலமாரில இருக்கு. "கடைசியா எப்ப புக்மார்க் வாங்கினீங்க?"ன்னு கேட்டிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். பேப்பரும் கலரும் வீட்லேர்ந்து வந்தது, ஒன்னு வரைய முக்கால் மணி நேரம், ரெண்டையும் கணக்குலயே சேக்காம வந்த காசெல்லாம் லாபம்னு குதிச்சாங்க. பசங்களுக்கு பிசினஸ் சொல்லிக்குடுக்க 1919-ல ஆரம்பிச்ச ஜூனியர் அச்சீவ்மென்ட்ங்கற அமைப்போட ஸ்டூடன்ட் கம்பெனி ப்ரோக்ராம்ல எனக்கு புடிச்சதே, பசங்க கம்பெனியை ஆரம்பிக்கறதோட விடாம கடைசில கணக்கு முடிச்சு மூடவும் வைக்கறதுதான். இங்க நாம திறப்பு விழாவோட சரி.

அந்த ஷீட் விஷயத்துல நான் பண்ண தப்பையும் சொல்லிடறேன். தெரிஞ்ச உடனே லேப்டாப்பை வாங்கி ரெண்டு நிமிஷத்துல நானே ஷேரிங்கை மூடிட்டேன். அந்த அவசரத்துல மூடினது கூட பரவால்ல, அந்த 60 பேருக்கும் நானே மன்னிப்பு மெசேஜ் டைப் பண்ண ஆரம்பிச்சேன் பாருங்க, அதுதான் தப்பு. பாதில நிறுத்தி, அந்த வார பொறுப்புல இருந்த பொண்ணுகிட்ட குடுத்தேன். அவ முதல்ல எழுதினது "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக". கோளாறு யாரு பண்ணதுன்னு கேட்டேன். அடுத்தது "சில உறுப்பினர்களின் கவனக்குறைவால்". எந்த உறுப்பினர்? "நாங்கதான் மிஸ்"ன்னா. அப்ப அதையே எழுதுன்னேன். மூணாவது தடவ "ஷீட்டை திறந்து வெச்சது நாங்கதான், உங்க நம்பர் ரெண்டு நாள் வெளிய தெரிஞ்சுது, இப்ப மூடிட்டோம், நம்பரையும் அழிச்சிட்டோம், சாரி"ன்னு போட்டு கை நடுங்க அனுப்பினா.

முதல் பதில் ஒரு நிமிஷத்துல வந்துச்சு. "சரி, என் புக்மார்க் எப்ப வரும்?"