விமான நிலையத்திலிருந்து கப்பல் துறைமுகத்துக்கு: குடும்பத்தோடு போகிறவர்கள் வண்டியை எப்படி முடிவு செய்வது?

சொகுசுக் கப்பலுக்கு டிக்கெட் போட்டதுமே எந்த கேபின், என்ன சாப்பாடு, குழந்தைகளுக்கு நீச்சல்குளம் உண்டா என்று ஒவ்வொன்றையும் அலசிவிடுகிறோம். விமானத்திலிருந்து இறங்கிக் கப்பல் ஏறும் வரை உள்ள அந்தத் தூரத்தை மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம். தனியாளாகப் போகிறவருக்கு அது சரிப்படும். கைக்குழந்தை, தாத்தா பாட்டி, ஏழெட்டுப் பெட்டி என்று போகும் குடும்பத்துக்குச் சரிப்படாது. நேரம் ஆனால் கப்பல் கிளம்பிவிடும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போகும்போது எந்த வண்டி, திரும்பும்போது எந்த வண்டி என்பதைத் தனித்தனியாக முடிவு செய்யுங்கள். போகும்போது நேரம்தான் பெரிய கவலை. திரும்பும்போது கூட்டம்தான் பெரிய கவலை. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே புக்கிங்கில் முடித்துவிட்டால் வசதி என்று தோன்றும். ஆனால் ஒரு பக்கத்துக்கு ஏற்றது மறுபக்கத்துக்கு ஏற்றதாக இருப்பது குறைவு.

படி 1: கப்பல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

விளம்பரத்தில் போட்டிருக்கும் ஊர் பெயரை நம்பி எதையும் புக் செய்யாதீர்கள். "ரோம்" என்று போட்டிருக்கும். கப்பல் நிற்பது சிவிதாவெக்கியாவில், ரோம் நகரின் மையத்திலிருந்து 70 கிலோமீட்டர் தள்ளி. "லண்டன்" என்றால் பல சமயம் சவுத்தாம்ப்டன்; ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்தே 100 கிலோமீட்டரைத் தாண்டும். "ஆர்லாண்டோ" என்றால் போர்ட் கனாவெரல். அதுவும் விமான நிலையத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். நேர்மாறாக, ஃபோர்ட் லாடர்டேலில் விமான நிலையமும் போர்ட் எவர்கிளேட்ஸ் துறைமுகமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே நிறுவனத்தின் கப்பல்கள் சில ஃபோர்ட் லாடர்டேலிலிருந்தும் சில மயாமியிலிருந்தும் கிளம்பும். இரண்டு துறைமுகங்களுக்கும் நடுவே 40 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

துறைமுகம் தெரிந்தால் போதாது, டெர்மினல் பெயரும் வேண்டும். சிங்கப்பூரில் மரினா பே குரூஸ் சென்டர் ஓரிடம், ஹார்பர்ஃபிரன்டில் இருக்கும் சிங்கப்பூர் குரூஸ் சென்டர் வேறிடம். சவுத்தாம்ப்டனில் ஐந்து டெர்மினல்கள், அவை எல்லாம் ஒரே வாசல் வழியாகப் போகிறவையும் அல்ல. போர்டிங் பேப்பரில் டெர்மினல் பெயர் எழுதியிருக்கும். அதை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிரைவரிடம் வாயால் சொல்வதைவிடப் படத்தைக் காட்டுவது நல்லது.

படி 2: நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

கப்பல் மாலை 4 மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 மணிக்குப் போனால் கப்பலின் பின்பக்கத்தைத்தான் பார்க்க முடியும். அமெரிக்கத் துறைமுகங்களில், கப்பல் கிளம்புவதற்கு 60 நிமிடம் முன்னதாகவே பயணிகள் பட்டியல் அரசுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. அதனால் செக்-இன் அதற்கும் முன்பே மூடிவிடும். எத்தனை மணிக்கு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உங்கள் பேப்பரில் இருக்கும் நேரம்தான் கணக்கு. நம் உதாரணத்துக்கு 2.30 என்று கொள்வோம்.

குழந்தைகளோடு போகிறவர்கள் 1 மணிக்கே டெர்மினலில் இருப்பது நல்லது. போர்ட் கனாவெரல் மாதிரி தூரத்துத் துறைமுகம் என்றால் சாலையில் ஒரு மணி நேரம். ஆகவே விமான நிலையத்தை விட்டு 12 மணிக்குள் கிளம்ப வேண்டும். வெளிநாட்டு விமானத்தில் இறங்கினால் குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது, வண்டியைத் தேடிப் பிடிப்பது எல்லாவற்றுக்கும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அப்படியானால் விமானம் 10 மணிக்குத் தரையிறங்கியிருக்க வேண்டும். அது ஒரு மணி நேரம் தாமதமானாலே கணக்கு இறுக்கமாகிவிடும். இரண்டு மணி நேரம் தாமதமானால் செக்-இன் மூடிய பிறகுதான் போய்ச் சேர்வீர்கள்.

அதனால் நான் அழுத்திச் சொல்வது: முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். ஓர் இரவு ஓட்டல் செலவு கூடும், உண்மைதான். ஆனால் முன்தினமே போய்விட்டால், எந்த வண்டி என்ற கேள்வியின் பாரமே பாதி இறங்கிவிடும். மறுநாள் காலை பஸ் அரை மணி நேரம் தாமதமானாலும் பெரிய பாதிப்பு இருக்காது.

"தவறவிட்டால் அடுத்த ஊரில் போய் ஏறிக்கொள்ளலாமே" என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். அமெரிக்காவில் 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பொதுவாக, வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறிய பயணியை வேறோர் அமெரிக்கத் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கக் கூடாது. மயாமியில் தவறவிட்டு, கீ வெஸ்ட் என்ற இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறி, மயாமியில் இறங்குவது இதில் மாட்டிக்கொள்ளும். வேறு நாடுகளில் இந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் விசா, புது விமான டிக்கெட் என்று வேறு தலைவலிகள் வரும்.

படி 3: ஆளை எண்ணுங்கள், பிறகு பெட்டியை எண்ணுங்கள்

குடும்பங்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ஆறு பேர், ஆகவே ஏழு சீட் வண்டி போதும் என்று புக் செய்துவிடுவார்கள். ஏழு சீட் வண்டியில் கடைசி வரிசை சீட்டை நிமிர்த்திவிட்டால், அதற்கும் பின்கதவுக்கும் நடுவே மிஞ்சுவது ஒரு முழம் இடம். இரண்டு சின்னப் பெட்டிகளைச் செங்குத்தாக நிறுத்தலாம், அவ்வளவுதான். பெரிய பெட்டிகள் நான்கும் தள்ளுவண்டியும் நடைபாதையிலேயே நிற்கும். கடைசியில் இரண்டாவது வண்டி பிடிக்க வேண்டி வரும், குடும்பமும் இரண்டாகப் பிரியும்.

ஆகவே புக் செய்யும்போது சீட் எண்ணிக்கையை மட்டும் சொல்லாதீர்கள். "பெரியவர்கள் நாலு, குழந்தைகள் இரண்டு, பெரிய பெட்டி நாலு, கைப்பெட்டி நாலு, மடக்கும் தள்ளுவண்டி ஒன்று" என்று முழுப் பட்டியலையும் கொடுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு அளவு பெரிய வண்டியாகவே கேளுங்கள்.

அடுத்தது குழந்தை சீட். இதற்கு ஊருக்கு ஊர் சட்டம் வேறு. சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்கு உரிய சீட் கட்டாயம். டாக்ஸிக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆப் வழியாக வரும் தனியார் வாடகைக் காருக்கு விலக்கு இல்லை. இங்கிலாந்தில் டாக்ஸிக்காரரிடம் குழந்தை சீட் இல்லையென்றால், மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை பின்சீட்டில் பெல்ட் இல்லாமலேயே போகலாம் என்று சட்டம் விட்டுக்கொடுக்கிறது. சட்டம் விட்டாலும் நீங்கள் விடாதீர்கள். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு போவது ஆபத்து. சீட்டோடு வரும் வேனைக் கேட்டு வாங்குங்கள், அல்லது சொந்த சீட்டைக் கொண்டுபோங்கள். பெரும்பாலான விமான நிறுவனங்கள் குழந்தை சீட்டைக் கட்டணமில்லாமல் ஏற்றிக்கொள்கின்றன.

வயதானவர்கள் விஷயத்தில் பலர் கவனிக்காத ஓர் இடைவெளி இருக்கிறது. விமான நிலையச் சக்கர நாற்காலி வாசலோடு முடிந்துவிடும். துறைமுகச் சக்கர நாற்காலி டெர்மினல் வாசலில்தான் தொடங்கும். நடுவில் பஸ் நிற்கும் இடம் வரை நடப்பதும், உயரமான படியில் ஏறுவதும் அவர்கள் பாடு. முட்டிவலி உள்ளவர் கூட வருகிறார் என்றால், வாசலுக்கே வரும் வண்டியைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். லிஃப்ட் வைத்த பஸ் வேண்டுமானால் பல நாள் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

படி 4: இப்போது வண்டியைத் தேர்ந்தெடுங்கள்

கப்பல் நிறுவனத்தின் பஸ். முதல்முறை போகிறவருக்கு மனநிம்மதி தருவது இதுதான். விமான நிலையத்தில் பலகையோடு ஆள் நிற்பார், எந்த டெர்மினல் என்று யோசிக்க வேண்டாம். குறை இரண்டு. பஸ் நிரம்பும் வரை காத்திருக்க நேரலாம். கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். இரண்டு பேருக்கு நியாயமாகத் தெரியும் தொகை, ஆறு பேருக்குப் பெருக்கும்போது தனி வேனைத் தாண்டிப் போய்விடும். வேன் வாடகை வண்டிக்கு, பஸ் கட்டணம் தலைக்கு. நான்கு பேருக்கு மேல் என்றால் புக் செய்வதற்கு முன் இந்தப் பெருக்கலைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, அவர்கள் பஸ்ஸில் இருக்கும்போது தாமதமானால் அது அவர்கள் பொறுப்பு. ஆனால் விமானமே தாமதமாகி அந்த பஸ்ஸை விட்டுவிட்டால் கப்பல் நிற்கும் என்று அர்த்தமில்லை.

முன்கூட்டியே பேசிய தனி வேன். குழந்தைகளும் பெரியவர்களும் கலந்த குடும்பத்துக்கு என் முதல் தேர்வு இதுதான், அதிலும் போகும்போது. விமான எண்ணைக் கொடுத்துவிட்டால் தாமதத்தைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். எவ்வளவு நேரம் வரை இலவசமாகக் காத்திருப்பார்கள் என்று மட்டும் எழுத்தில் வாங்குங்கள். அந்த நேரம் விமானம் தரையிறங்கியதிலிருந்து தொடங்குகிறதா, நீங்கள் வண்டியை வரச் சொன்ன நேரத்திலிருந்தா என்றும் கேளுங்கள்.

டாக்ஸி, ஆப் வண்டி. தூரம் குறைவு என்றால் இதை அடிக்க வேறொன்று இல்லை. ஃபோர்ட் லாடர்டேல், சிங்கப்பூர் மாதிரி ஊர்களில் முன்பதிவே தேவைப்படாது. பெட்டி அதிகம் என்றால் ஆப்பில் பெரிய வண்டி வகையையே தேர்ந்தெடுங்கள்.

மெட்ரோ, ரயில். ஏதென்ஸில் 2022 முதல் விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் துறைமுக நிலையம் வரை மெட்ரோ மூன்றாம் வழித்தடம் வண்டி மாறாமல் போகிறது. ஒரு மணி நேரம். கைப்பெட்டியோடு வளர்ந்த பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு அருமையான வழி. ரோமில் அப்படி இல்லை. ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து வரும்போது ஓரிடத்தில் ரயில் மாற வேண்டும், சிவிதாவெக்கியா நிலையத்தில் இறங்கிய பிறகு துறைமுகத்துக்கு பஸ் பிடிக்க வேண்டும். ரயிலை எடைபோடும்போது எத்தனை நிமிடம் என்று பார்ப்பதைவிட, பெட்டியை எத்தனை தடவை தூக்க வேண்டும் என்று பாருங்கள். ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோ விமான நிலையத்துக்கும் மயாமிக்கும் 2023 முதல் பிரைட்லைன் ரயில் ஓடுகிறது. ஆனால் அது போர்ட் கனாவெரலுக்குப் போவதில்லை.

வாடகைக் கார். ஒரு பக்கத்துக்கு மட்டும் எடுத்து, துறைமுகத்துக்குப் பக்கத்துக் கிளையில் விடுவது. ஒரு நாள் முன்னதாகப் போய் ஊர் சுற்றுகிறவர்களுக்கு ஏற்றது. முதலில் டெர்மினல் வாசலில் குடும்பத்தையும் பெட்டிகளையும் இறக்கிவிடுங்கள். பிறகு ஒருவர் மட்டும் போய் காரை ஒப்படைத்துவிட்டு, அந்த நிறுவனத்தின் ஷட்டில் வண்டியில் திரும்பட்டும். அந்தக் கிளை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா, ஷட்டில் உண்டா என்று இரண்டையும் முன்பே விசாரித்துவிடுங்கள். வழியில் சுங்கச்சாலை இருந்தால் கட்டணத்தை எப்படிப் பிடிப்பார்கள் என்பதையும் கேளுங்கள். ஆர்லாண்டோவிலிருந்து போர்ட் கனாவெரல் போகும் 528ஆம் எண் சாலை சுங்கச்சாலைதான். பக்கத்திலேயே கேப் கனாவெரல் ராக்கெட் ஏவுதளம் இருப்பதால், பெரிய ராக்கெட் ஏவும் நாளில் அந்தச் சாலை நெரியும். உங்கள் தேதியில் ஏவுதல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

படி 5: கிளம்பும் நாளில்

டெர்மினல் வாசலில் போர்ட்டர்கள் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அவை கேபினுக்கு வர மாலை ஆகலாம். எனவே வண்டியில் ஏறும்போதே பாஸ்போர்ட், மருந்து, குழந்தைக்கு மாற்றுடை, பால் புட்டி எல்லாம் கையிலிருக்கும் பையில் இருக்கட்டும். கப்பல் நிறுவனம் தரும் லக்கேஜ் அட்டையைப் பெட்டியில் கட்டுவது வண்டியிலிருந்து இறங்கும் முன் முடிந்திருக்க வேண்டும். வண்டியின் டிக்கியில் எத்தனை பெட்டி ஏறியது என்று ஒருவர் எண்ணிச் சொல்லட்டும், இறங்கும்போது அவரே எண்ணட்டும்.

படி 6: திரும்பி வரும் நாள்

காலையில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். டாக்ஸி வரிசை நீளும், ஆப்பில் கட்டணம் ஏறும். போகும்போது தனி வேன் வைத்தவர்கள்கூட, திரும்பும்போது கப்பல் நிறுவனத்தின் பஸ்ஸைப் பரிசீலிக்கலாம். பஸ்கள் இறங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வரிசையாக நிற்கும், ஊர் தெரியாத இடத்தில் டிரைவரைத் தேடி அலைய வேண்டாம். வேன்தான் வேண்டும் என்றால் கப்பல் கரை சேரும் நேரத்தைக் கொடுக்காதீர்கள். அது வேறு, நீங்கள் சுங்கச் சோதனை முடித்து வெளியே வரும் நேரம் வேறு. இடையே இரண்டு மணி நேரம்கூட ஆகலாம்.

முந்தைய இரவு பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிட்டால், காலையில் உங்கள் பெட்டி அட்டையின் எண்ணைக் கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டும். பெட்டிகளை நீங்களே தூக்கிக்கொண்டு இறங்கினால் முதல் ஆட்களில் ஒருவராக வெளியே வரலாம். சின்னக் குழந்தைகளோடு அது பெரிய பாடு, காத்திருப்பதே மேல். அதற்கேற்ப விமானத்தை நண்பகலுக்குப் பிறகு போடுங்கள். தூரத்துத் துறைமுகம் என்றால், வெளிநாட்டு விமானம் என்றால், பிற்பகல் 3 மணிக்கு மேல்.

ஆப் வண்டியில்தான் திரும்பப் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். கப்பலுக்கென்று தனி மொபைல் நெட்வொர்க் உண்டு, அதன் ரோமிங் கட்டணம் மிக அதிகம். கரைக்கு வந்து, கரையின் நெட்வொர்க் கிடைத்ததை உறுதி செய்துகொண்டு டேட்டாவைத் திறங்கள். அடுத்தது, ஆப் வண்டிகள் வரும் இடம் நீங்கள் வந்திறங்கிய வாசலாக இருக்காது. பல துறைமுகங்களில் அதற்கென்று தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பலகையைப் பார்த்து, குடும்பம் முழுவதும் பெட்டிகளோடு அங்கே போய்ச் சேர்ந்த பிறகு வண்டியைக் கூப்பிடுங்கள். முன்பே கூப்பிட்டால் டிரைவர் காத்திருந்து பார்த்துவிட்டு ரத்து செய்துவிடுவார், அதற்கும் சேர்த்து உங்களிடம் கட்டணம் பிடிப்பார்கள்.