அமெரிக்க யுனிவர்சிட்டி ஒண்ணை நாமளே அலசிப் பாக்குறது எப்படி? (புரொஃபசர், அட்மிஷன், செலவு)

ஹார்வர்டுல 2024-ல சேர்ற பேட்ச்சுக்கு அப்ளை பண்ணவங்க 54,008 பேர், சீட்டு கிடைச்சது 1,937 பேருக்கு. நூத்துக்கு மூணரை பேர்னு வச்சுக்கலாம். இந்த நம்பரைப் பாத்ததும் பாதிப் பேர் நமக்கெல்லாம் எங்க கிடைக்கப்போகுதுன்னு டேபை மூடிடுறாங்க, மீதிப் பேர் இவ்ளோ கஷ்டம்னா கண்டிப்பா நல்ல இடமாத்தான் இருக்கும்னு கண்ணை மூடிட்டு அப்ளை பண்ணிடுறாங்க. ரெண்டு பேருமே அந்த இடத்தைப் பத்தி இன்னும் ஒண்ணும் பாக்கல. அந்த மூணரை எல்லாரையும் கலந்து போட்ட சராசரி, உங்களுக்குன்னு ஒரு வரி உள்ளுக்குள்ள எங்கயோ இருக்கு, அதைத் தேடி எடுக்குறதுதான் இந்தப் பதிவு. டிகிரி படிக்கப் போறவங்களை மனசுல வச்சு எழுதுறேன், ஆனா புரொஃபசர் பகுதி எல்லாருக்கும் ஆகும்.

தேவையானது ஒரு கூகுள் ஷீட்டு, ரெண்டு மூணு சாயங்காலம், அவ்ளோதான்.

படி 1: ரேங்கிங்கை ஓரமா வச்சுட்டு ஆவணத்தை எடுங்க

யுனிவர்சிட்டி பேரோட காமன் டேட்டா செட்னு சேத்து இங்கிலீஷ்ல தேடுங்க. பெரும்பாலான இடங்கள் வருஷா வருஷம் இதை பிடிஎஃபா போடுறாங்க. ஏ-லேர்ந்து ஜே வரைக்கும் பத்துப் பகுதி, எல்லா யுனிவர்சிட்டிக்கும் ஒரே கேள்வித்தாள், அதனால ஒண்ணு பக்கத்துல ஒண்ணு வச்சுப் பாக்கலாம். நமக்கு வேண்டியது பி (மாணவர் எண்ணிக்கை), சி (அட்மிஷன்), ஜி (ஃபீஸ்), ஹெச் (உதவித்தொகை), ஐ (புரொஃபசர், கிளாஸ் அளவு). கடைசி மூணு வருஷத்துப் பிடிஎஃபையும் இறக்கி வச்சுக்கோங்க, ஒரு வருஷத்து நம்பர் ஏமாத்தும்.

ரேங்கிங்கை ஏன் ஓரமா வைக்கச் சொல்றேன்னா ஒரு கதை இருக்கு. கொலம்பியாவுல கணக்கு புரொஃபசரா இருக்குற மைக்கேல் தாடியஸ் 2022 பிப்ரவரில தன்னோட யுனிவர்சிட்டியே ரேங்கிங்குக்குக் கொடுத்த நம்பரை எடுத்து சரிபார்த்தார். 20 பேருக்குக் கீழ உள்ள கிளாஸ் 82.5 சதவீதம்னு கொடுத்திருந்தாங்க, அவர் கோர்ஸ் பட்டியலை வச்சு எண்ணிப் பாத்தா 62.7-லேர்ந்து 66.9 சதவீதத்துக்குள்ளதான் வந்துச்சு. அந்த செப்டம்பர்ல யுஎஸ் நியூஸ்ங்குற நிறுவனம் போடுற ரேங்கிங் பட்டியல்ல கொலம்பியா 2-லேர்ந்து 18-க்கு இறங்குச்சு, அந்தச் சமயத்துலதான் காமன் டேட்டா செட்டையும் வெளிய விட்டாங்க. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அவர் ரகசிய ஃபைல் எதையும் தோண்டல, வெளிய கிடந்த பட்டியலை உக்காந்து பொறுமையா எண்ணினார். நாமளும் அதைத்தான் செய்யப்போறோம்.

படி 2: புரொஃபசர்கள்

இங்கதான் நேரம் செலவு பண்ணணும், ஆனா ஜனங்க அஞ்சு நிமிஷம்கூட ஒதுக்க மாட்டாங்க.

முதல்ல ஒரு எச்சரிக்கை. யுனிவர்சிட்டி மொத்தமா ஆராய்ச்சிக்கு இவ்ளோ கோடி செலவு பண்ணுதுங்குறதை வச்சு முடிவெடுக்காதீங்க. ஜான்ஸ் ஹாப்கின்ஸ்தான் பல பத்து வருஷமா அந்தப் பட்டியல்ல முதலிடம், ஆனா அந்தத் தொகையில பெரிய பங்கு அவங்களோட அப்ளைடு ஃபிசிக்ஸ் லேபரட்டரிக்குப் போகுது, அது பாதுகாப்பு, விண்வெளி வேலை செய்யுற தனி வளாகம், நீங்க உயிரியல் படிக்கப்போனா அந்தப் பணம் உங்க கண்ணுல படாது. பெரிய ஆராய்ச்சி யுனிவர்சிட்டின்னு கார்னகி வகைப்பாட்டுல கொடுக்குற ஆர்1ங்குற முத்திரையும் இப்படித்தான். 2025 கணக்குப்படி வருஷம் 5 கோடி டாலர் ஆராய்ச்சிச் செலவும் 70 ஆராய்ச்சி டாக்டரேட்டும் இருந்தா ஆர்1, அதுக்கு மேல உங்க டிபார்ட்மெண்ட் எப்படி இருக்குன்னு அது சொல்லாது.

அதனால நேரா உங்க டிபார்ட்மெண்ட் பக்கத்துக்குப் போயி ஆள் ஆளா எண்ணுங்க. எமெரிட்டஸ்னு போட்டிருந்தா ரிட்டயர் ஆனவர், அவரைக் கழிச்சிடுங்க. வேற டிபார்ட்மெண்ட்ல இருந்துட்டு இங்க பேருக்கு அஃபிலியேட்டடா இருக்கவங்களையும் கழிங்க. லெக்சரர், அட்ஜங்க்ட் (பெரும்பாலும் பகுதி நேரமா பாடம் எடுக்குறவங்க) இருப்பாங்க, நல்லா பாடம் எடுப்பாங்க, ஆனா பெரும்பாலும் சொந்தமா லேப் நடத்த மாட்டாங்க. கழிச்சு மிச்சம் வர்றவங்கள்ல உங்களுக்குப் பிடிச்ச தலைப்புல வேலை பாக்குறவங்க எத்தனை பேர்னு பாருங்க. நாற்பது பேர் உள்ள டிபார்ட்மெண்ட் கடைசில ரெண்டு பேர்ல வந்து நிக்கும், அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் சபாட்டிக்கல்ல (பாடம் எடுக்காம ஆராய்ச்சிக்குன்னு எடுக்குற நீண்ட லீவு) போயிட்டா உங்களுக்கு அந்த வருஷம் ஒருத்தர்தான்.

அந்த ரெண்டு மூணு பேரை கூகுள் ஸ்காலர்ல தேடுங்க. உடனே கண்ணு எச்-இண்டெக்ஸ்ல போயி நிக்கும், 2005-ல ஹிர்ஷ்ங்குற இயற்பியல் விஞ்ஞானி கொடுத்த அளவுகோல் அது. ஒருத்தருக்கு எச்-இண்டெக்ஸ் 30னா அவரோட 30 பேப்பர் ஒவ்வொண்ணும் குறைஞ்சது 30 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருக்குன்னு அர்த்தம். இது ஏறுமே தவிர இறங்காது, பத்து வருஷமா ஒண்ணும் எழுதாதவருக்கும் அப்படியே நிக்கும். மருத்துவ ஆராய்ச்சிக்காரரையும் கணக்கு புரொஃபசரையும் இதை வச்சு ஒப்பிடவே கூடாது, கணக்குல பேப்பரும் கம்மி, மேற்கோளும் கம்மி. வரலாறு, இலக்கியம்னா புத்தகம்தான் முக்கியம், அங்க இந்த நம்பரையே பாக்காதீங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ்னா மட்டும் சிஎஸ்ரேங்கிங்ஸ்னு ஒரு சைட் இருக்கு, முக்கியமான கான்ஃபரன்ஸ் பேப்பரை மட்டும் எண்ணி, ஒரு பேப்பரை எத்தனை பேர் எழுதினாங்களோ அத்தனை பேருக்கும் பங்கு பிரிச்சுக் காட்டும், துறைக்குள்ள இருக்குற பிரிவு வாரியாவும் பாக்கலாம்.

எச்-இண்டெக்ஸை விட்டுட்டு பட்டியலை வருஷ வாரியா மாத்திப் போட்டு கடைசி நாலு வருஷத்தை மட்டும் படிங்க. ஒவ்வொரு பேப்பர்லயும் எழுதினவங்க வரிசையில முதல் பேர் யாரு? லேப் சார்ந்த துறைகள்ல பெரும்பாலும் வேலை பாத்த ஸ்டூடண்ட் பேர் முதல்லயும் புரொஃபசர் பேர் கடைசிலயும் வரும். முதல் பேர்ல அந்த லேப் பசங்களே மாறி மாறி வந்தா நல்ல அறிகுறி. கணக்குலயும் பொருளாதாரத்துலயும் அகர வரிசையில போடுறது வழக்கம், அங்க இந்த வித்தை செல்லாது.

அடுத்து பணம். அமெரிக்க அரசாங்கத்துல ஆராய்ச்சிக்கு நிதி (கிராண்ட்) கொடுக்குற அமைப்பு என்எஸ்எஃப், அவங்களோட என்எஸ்எஃப் அவார்டு சர்ச்னு ஒரு தளம், மருத்துவம் உயிரியல்னா அதே மாதிரி என்ஐஹெச்ங்குற அமைப்போட என்ஐஹெச் ரிப்போர்ட்டர். புரொஃபசர் பேரைப் போட்டா எந்த வேலைக்கு எவ்ளோ தொகை, எப்ப ஆரம்பிச்சு எப்ப முடியுதுன்னு எல்லாம் வரும், இலவசம்தான். முடியுற தேதிதான் முக்கியம், நீங்க சேர்ற மாசம் கிராண்ட் முடியுதுன்னா புதுசா ஒண்ணு கிடைச்சாத்தான் அங்க கை நிறைய வேலை இருக்கும். அதோட 2025-ல ரெண்டு அமைப்புமே நிறைய கிராண்ட்டை பாதியிலயே நிறுத்திட்டாங்க, அதனால பழைய பக்கத்தை நம்பாம இப்பத்தைய நிலைமையைப் பாருங்க.

கடைசியா லேப் வெப்சைட்ல பீப்பிள் பக்கம். பிஹெச்டி பசங்க மட்டும் இருக்காங்களா, டிகிரி படிக்கிற பசங்க பேரும் இருக்கா? எம்ஐடி மாதிரி சில இடத்துல இதுக்குன்னே ஏற்பாடு இருக்கு, டிகிரி பசங்களை ஆராய்ச்சியில சேக்குற அவங்களோட யுரோப் (UROP) திட்டம் 1969-லேர்ந்து ஓடுது. நோபல் வாங்கினவர் இருக்காருங்குறது பிரவுச்சருக்கு நல்லா இருக்கும், ஆனா அவர் லேப் படியில டிகிரி ஸ்டூடண்ட் கால் வச்சதே இல்லைன்னா உங்களுக்கு என்ன?

படி 3: அட்மிஷன்

பிடிஎஃப்ல சி1-க்கு, அதாவது சி பகுதியோட முதல் கேள்விக்குப் போங்க. எத்தனை பேர் அப்ளை, எத்தனை பேருக்கு சீட்டு, எத்தனை பேர் சேந்தாங்கன்னு இருக்கும், ஆண் பெண் பிரிச்சும் இருக்கும். இப்ப வெளிநாட்டு விண்ணப்பத்தைத் தனியாவும் கேக்குறாங்க, நிரப்பியிருந்தா அதிர்ஷ்டம், அதுதான் உங்க வரி.

சி7 ஒரு அட்டவணை. மார்க், கட்டுரை, சிபாரிசுக் கடிதம், இண்டர்வியூ, எங்க மேல எவ்ளோ ஆர்வம் காட்டுறீங்கங்குறது வரைக்கும் ஒவ்வொண்ணும் ரொம்ப முக்கியமா, முக்கியமா, பாப்பாங்களா, பாக்கவே மாட்டாங்களான்னு டிக் பண்ணியிருப்பாங்க. ஆர்வத்தைப் பாக்கவே மாட்டோம்னு டிக் பண்ண இடத்துக்கு வாரா வாரம் மெயில் போட்டுட்டு இருந்தா உங்க நேரம்தான் வேஸ்ட்.

சி9-ல எஸ்ஏடிங்குற அட்மிஷன் டெஸ்ட் மார்க், பல இடத்துல இதை விருப்பப்பட்டா மட்டும் கொடுத்தாப் போதும். இதுல பலர் சறுக்குறாங்க. மார்க் பக்கத்துலயே எத்தனை சதவீதம் பேர் மார்க்கைக் கொடுத்தாங்கன்னு ஒரு நம்பர் இருக்கும். பாதிப் பேர்தான் கொடுத்தாங்கன்னா, நல்ல மார்க் வாங்கினவங்க மட்டும் கொடுத்திருப்பாங்க, அதனால அந்த மார்க் உசரமா தெரியும். கட்டாயம் இல்லன்னு விட்டிருந்த டெஸ்ட்டை எம்ஐடி 2022-லயே திரும்பக் கட்டாயமாக்கிட்டாங்க, 2024-ல டார்ட்மவுத், பிரவுன், கால்டெக், ஹார்வர்டெல்லாம் அதே முடிவை அறிவிச்சாங்க, அதனால பழைய பிடிஎஃப்பையும் புது பிடிஎஃப்பையும் கலந்து பாக்காதீங்க.

சி21 எர்லி டிசிஷன், அதாவது ரெகுலர் ரவுண்டுக்கு முன்னாடியே ஒரே ஒரு இடத்துக்குப் போடுற விண்ணப்பம். அதுல எத்தனை பேர் கேட்டு எத்தனை பேருக்குக் கிடைச்சதுன்னு போட்டிருப்பாங்க, மொத்தத்துலேர்ந்து அதைக் கழிச்சா ரெகுலர் ரவுண்டோட உண்மையான சதவீதம் கிடைக்கும், பல இடத்துல அது மொத்தத்தை விட நல்லாவே கம்மியா வரும். அப்ப எர்லில போட்டாலே கிடைச்சிடுமான்னா, அவசரப்படாதீங்க, அந்தக் கூட்டத்துலதான் விளையாட்டு வீரர்னு முன்னாடியே தேர்ந்தெடுத்து வச்சவங்களும், வாரிசு சலுகை உள்ள இடம்னா பழைய மாணவர் பிள்ளைங்களும் இருப்பாங்க. அதோட எர்லி டிசிஷன்னா கிடைச்சா சேந்தே ஆகணும்னு கையெழுத்து, உதவித்தொகை போதலைன்னா மட்டும்தான் பொதுவா விலக முடியும், நாலு இடத்துக் கடிதத்தை வச்சு ஒப்பிடுற வாய்ப்பு போயிடும். எர்லி ஆக்ஷன்னு ஒண்ணு இருக்கு, அதுவும் முன்னாடியே போடுறதுதான், ஆனா அந்தக் கட்டாயம் இல்ல.

படி 4: செலவு

வெப்சைட்ல பெருசாப் போடுற டியூஷனை மட்டும் எழுதாதீங்க. ஹார்வர்டுல 2024-25-க்கு டியூஷன் 56,550 டாலர், ரூம் சாப்பாடு மத்த ஃபீஸ் எல்லாம் சேத்தா 82,866. இதுக்கு மேல ஹெல்த் இன்சூரன்ஸ், புத்தகம், விமான டிக்கெட். நாலால பெருக்கினா 3 லட்சத்து 31 ஆயிரம், ஆனா ஃபீஸ் வருஷா வருஷம் ஏறும், 4 சதவீதம்னு வச்சாலே 3 லட்சத்து 52 ஆயிரம் கிட்ட வரும், ஒரே சதவீதக் கணக்குல 20 ஆயிரம் டாலர் வித்தியாசம்.

இப்ப இந்த விலையை எல்லாரும் கட்டுறாங்களான்னா இல்ல. எம்ஐடில 2025-லேர்ந்து குடும்ப வருமானம் 2 லட்சம் டாலருக்குக் கீழ இருந்து, சொத்தும் அந்த வருமானத்துக்கு ஏத்த மாதிரி இருந்தா டியூஷனே கிடையாது. நெட் பிரைஸ் கால்குலேட்டர்னு ஒண்ணு 2011-லேர்ந்து அமெரிக்காவுல சட்டப்படி மத்திய அரசு மாணவர் உதவித் திட்டத்துல இருக்குற ஒவ்வொரு காலேஜ் சைட்லயும் இருக்கணும், வருமானத்தைப் போட்டா தோராயமா சொல்லும். ஆனா பல இடத்துல அது அமெரிக்கக் குடும்பங்களுக்குன்னு செஞ்சது. அமெரிக்க அரசாங்கத்தோட காலேஜ் ஸ்கோர்கார்டு தளமும் அப்படித்தான், அதுல வர்ற சராசரி விலை அரசாங்க உதவி வாங்கினவங்களை வச்சுப் போட்டது, வெளிநாட்டுப் பசங்க அதுல கணக்கே இல்ல.

வெளிநாட்டுலேர்ந்து போறவங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்குற குறுக்குவழி இது. ஹெச்6-ல எத்தனை வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவி கொடுத்தாங்க, ஒருத்தருக்குச் சராசரியா எவ்ளோன்னு இருக்கும். பி2-ல மொத்தம் எத்தனை வெளிநாட்டு மாணவர்கள்னு இருக்கும். உதவி வாங்கினவங்க எண்ணிக்கையை அந்த மொத்தத்தால வகுங்க. சும்மா ஒரு பேச்சுக்கு 1,000 பேர்ல 100 பேருக்கு 60,000 டாலர்னு வந்தா, அந்த இடம் தாராளம் இல்ல, கொஞ்சப் பேரைப் பொறுக்கி எடுத்து அவங்களுக்கு மட்டும் அள்ளிக் கொடுக்குற இடம்.

அடுத்த வார்த்தை நீட் பிளைண்ட். பயந்துடாதீங்க, இது அந்த நீட் இல்ல, இங்க நீட்னா பணத் தேவை. பணம் கேக்குறீங்களான்னு பாக்காமலே சீட்டு முடிவு பண்றதுக்குப் பேர் அது. வெளிநாட்டுப் பசங்களுக்கும் அப்படிப் பாத்து, தேவை முழுசையும் கொடுக்குற இடங்கள் ரொம்பக் கம்மி: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மவுத், பௌடின், பிரவுன்னு கொஞ்சம்தான். மத்த பெரிய பேர் இடங்கள் பலதுல, நீங்க பணம் கேட்டா அதுவே முடிவுல ஒரு காரணமா நிக்கும். அதோட தேவை முழுசும்னா அவங்க ஃபார்முலா சொல்ற தேவை, உங்க அப்பா சொல்ற தேவை இல்ல.

உதவிக் கடிதம் வந்ததும் கிராண்ட், ஸ்காலர்ஷிப் ரெண்டை மட்டும் கழிங்க. அதே பட்டியல்ல லோனும் கேம்பஸ் வேலையும் உதவின்னு உக்காந்திருக்கும். லோன் உதவி இல்ல, வட்டியோட திருப்பிக் கட்டணும். கேம்பஸ் வேலை நீங்க உழைச்சு சம்பாதிக்கிறது.

மாஸ்டர்ஸ், பிஹெச்டிக்கு இந்தக் கணக்கே வேற. பிஹெச்டில பெரும்பாலும் டியூஷன் தள்ளுபடியும் மாசச் சம்பளமும் உண்டு, மாஸ்டர்ஸ்ல பெரும்பாலும் நம்ம கைக்காசு.

படி 5: ரெண்டு மெயில்

முதலாவது அந்த லேப்ல இருக்குற பிஹெச்டி ஸ்டூடண்ட்டுக்கு, புரொஃபசருக்கு இல்ல. போன வருஷம் எத்தனை டிகிரி பசங்க அங்க வேலை பாத்தாங்க, எந்த வருஷத்துல சேரலாம், சம்பளம் உண்டா இல்ல படிப்புல சேர்ற கிரெடிட் மட்டுமா, இந்த மூணு கேள்வி போதும், ஆறு வரிக்கு மேல எழுதாதீங்க.

ரெண்டாவது ஃபைனான்ஷியல் எய்டு ஆஃபீசுக்கு. முதல் வருஷம் உதவி கேக்கலைன்னா பின்னாடி கேக்க முடியுமா, ஃபீஸ் ஏறும்போது கிராண்ட்டும் ஏறுமான்னு கேளுங்க. முதல் கேள்விக்கு வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல இடத்துல முடியாதுன்னுதான் பதில் வரும். எது வந்தாலும் அந்த மெயிலை பிடிஎஃபா சேவ் பண்ணி, ஷீட்ல அந்த யுனிவர்சிட்டி வரிக்குப் பக்கத்துலயே லிங்க் போட்டு வச்சிடுங்க.