திண்ணையோரம் கிடக்கிற சைக்கிளை ரோட்டுக்குக் கொண்டுவருவது எப்படி

உசிலம்பட்டி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் காலனிக்கு பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஆனால் சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. 2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து, அப்புறம் அரசுப் பள்ளியில் 11ஆம் வகுப்பு படிக்கிற எல்லாருக்கும் என்று ஆன இலவச சைக்கிள் வீட்டுக்கு ஒன்றாவது கிடக்கும், மேலே ஈரத்துணி காயும். அதனால் புதுசு வாங்கித் தர ஆள் தேடி அலையாதீர்கள், கிடப்பதை ஓடவைத்தால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் சைக்கிள் கடைக்காரரை அரைநாள் கூலி பேசி வேப்பமரத்தடிக்குக் கூட்டிவாருங்கள். அவர் வருவதற்குள் காற்று அடித்துப் பாருங்கள். காற்று நிற்கவில்லை என்றதும் பஞ்சர் என்று முடிவுகட்ட வேண்டாம். வால்வு வாயில் கொஞ்சம் எச்சில் தொட்டு வையுங்கள், குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால் ட்யூப் இற்றுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். விரல் நீளம்கூட இல்லாத அந்த ரப்பருக்காக ஒரு வருஷமாக ஓட்டாமல் போட்டிருந்த வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன், எங்கள் வீட்டு வண்டியும் அதில் ஒன்று.

அடுத்து பிரேக். கைப்பிடியை முழுக்க அழுத்தினாலும் அது ஹேண்டில்பாரைத் தொடக்கூடாது, நடுவில் இரண்டு விரல் இடமாவது இருக்கணும். பிரேக் கட்டை ரிம்மில் மட்டும் படணும், டயரில் உரசினால் டயர் கிழியும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு கோட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எல்லா நட்டையும் ஒரு தடவை இறுக்கிவிடுங்கள்.

ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து பிள்ளைகள் கிளம்பும்போது கார்த்திகை, மார்கழியில் இருட்டிவிடும். பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை ஒளிரும் ஸ்டிக்கர் கட்டாயம். பெடலில் மஞ்சள் ஒட்டினால் இன்னும் நல்லது. கால் மேலும் கீழும் போக அதுவும் ஆடுவதால், வருகிற லாரிக்காரருக்கு முன்னே போவது சைக்கிள் என்று சட்டென்று புரியும்.

ஓட்டத் தெரியாத அக்காமார்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். 1990களின் ஆரம்பத்தில் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தோடு பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் கற்றார்கள். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிற பழைய முறை எதற்கு? இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு (இடது பெடலுக்கு மரை தலைகீழ், கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும்), பாதம் முழுக்கத் தரையில் படும்படி சீட்டை இறக்கி, நெல் காயப்போடும் களத்தில் தள்ளித் தள்ளிப் போகச் சொல்லுங்கள். பேலன்ஸ் வந்தபிறகு பெடலை மாட்டலாம். செயின் கவர் இல்லாத வண்டியில் சேலையோடு ஏறவே கூடாது.

ரோட்டு விஷயம்தான் இழுத்தடிக்கும். முதலில் ரோடு யாருடையது என்று பாருங்கள். மைல்கல் தலையில் மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஊருக்குள் வரும் ரோட்டை கிராமசபையில் பேசலாம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பெரிய ரோடு என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். "சாலை வசதி வேண்டும்" என்று மொட்டையாக எழுதினோம், ஒரு வருஷம் பதிலே இல்லை. பிறகு "பாலத்துக்கும் ரேஷன் கடைக்கும் நடுவில் விளக்கு இல்லை, 23 பிள்ளைகள் இந்த வழியாகப் போகிறார்கள்" என்று போட்டோவோடு எழுதினோம், ஆள் வந்து பார்த்தார்கள். மனு எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள்.

நாலுவழிச் சாலை வரும் இடத்தில் மட்டும், எவ்வளவு அவசரமானாலும் இறங்கி உருட்டிக்கொண்டு கடக்கச் சொல்லுங்கள். சுற்றிப் போகச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் போவதுதான் எங்கள் பிள்ளைகளின் பெரிய கெட்ட பழக்கம்.

அப்புறம் பொதுவாக ஒரு பம்பு வாங்கி டீக்கடையில் வையுங்கள். யார் வீட்டிலும் வைக்காதீர்கள், சண்டை வரும்.