ஒரு குடை, இரண்டு கதை: குறும் அனிமேஷன் காதலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தை பஸ் தரிப்பில் மழைக்கு ஒதுங்கிய ஒருவன், ஒருத்தி, ஒரே ஒரு குடை. நான்கு நிமிடக் காதல் கதைக்கு இது போதும் என்றுதான் நானும் நண்பனும் தொடங்கினோம். முதல் இரண்டு நிமிடம் அவன் பார்வை, அடுத்த இரண்டு நிமிடம் அவள் பார்வை. முடித்து அக்காவுக்குப் போட்டுக் காட்டினால், பாதியில் கேட்கிறார்: "என்னடா, அதையே திரும்பப் போடுறியள்?"

நாங்கள் செய்த பெரிய தவறு அதுதான். கமெராவை மட்டும் இடம் மாற்றியிருந்தோம். அவன் முகம் தெரிந்த இடத்தில் அவள் முகம், அவ்வளவே. ஒருவரின் பார்வையைக் காட்ட வேண்டுமென்றால் அவர் கண்ணில் எது பட்டது, எது படவேயில்லை என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு திருத்தினோம். அவன் பாதியில் அவன் பெரிய வீரன் மாதிரி குடையைப் பிடித்துக்கொண்டு, பாணந்துறை போகும் 100 பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிறான். அவள் பாதியில் குடை அவன் பக்கமாகவே சாய்ந்திருக்கிறது. குடைக்கம்பி நுனியில் தண்ணீர் திரண்டு, சொட்டுச் சொட்டாக அவளுடைய இடது தோளில் விழுகிறது. அவன் பாதியில் அந்தத் தோள் பிரேமுக்குள்ளேயே இல்லை. இந்த முறை அக்கா சிரித்தார்.

அதற்காக எல்லாவற்றையும் மாற்றிவிடவும் கூடாது. குடையின் நிறம், பஸ் இலக்கம், மழை ஆகியவை இரண்டு பாதியிலும் ஒன்றாக இருந்தால்தான் மாறியது கண்ணில் படும். எதிர்க் கடையின் ஷட்டரைக் கவனமில்லாமல் ஒன்றில் திறந்தும் மற்றதில் மூடியும் வரைந்துவிட்டோம். பார்த்தவர்கள் அதற்கு அர்த்தம் கேட்டார்கள்! நடிகர்களை வைத்து எடுத்த படத்தில் இது தற்செயல் என்று விட்டுவிடுவார்கள். வரைந்த படத்தில் ஒவ்வொரு கோடும் யாரோ வேண்டுமென்றே போட்டது. ஊரும் அப்படித்தான்: வெள்ளவத்தையிலிருந்து கொழும்புக் கோட்டைக்குப் போகிற ரயிலில் கடல் இடப்பக்கம், மாலை வெயில் கடற்பக்கமிருந்து வரும். கொழும்பு ஆட்கள் இதில் விடமாட்டார்கள்.

கணக்குப் பார்க்காமல் வரையத் தொடங்குவது இன்னொரு தவறு. நொடிக்கு 24 பிரேம். இரண்டு பிரேமுக்கு ஒரு படம் என்று வைத்தாலும் நொடிக்கு 12, நான்கு நிமிடத்துக்கு 2,880 படங்கள். ஸ்டோரிபோர்டை, அதாவது காட்சிக்குக் காட்சி கீறிய மாதிரிப் படங்களை, ஒலியோடு கோத்து அனிமேட்டிக் செய்து பார்த்திருந்தால், நாங்கள் கடைசியில் தூக்கி எறிந்த ஏழு நொடிக்கு 84 படம் கீறியிருக்கத் தேவையில்லை. பின்னணிப் படங்களை இரண்டு பாதிக்கும் பயன்படுத்தலாம், நிறத்தை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் அவனுக்கு நீலம், அவளுக்கு ரோஸ் என்று போகாதீர்கள், பிறந்தநாள் பலூன் கட்டின மாதிரி இருக்கும். மென்பொருளுக்குக் காசு செலவழிக்கவும் வேண்டாம். பிளெண்டரும் கிரிட்டாவும் இலவசம்.

வசனத்தை இரண்டு பாதியிலும் அச்சொட்டாக ஒன்றாக வைப்பதும் வீணடிப்புத்தான். எங்கள் பேச்சில் ஒரு வசதி இருக்கிறது: மரியாதைக்கு "நீங்கள்", கொஞ்சம் நெருங்கினால் "நீர்". "நீங்கள் எங்க இறங்குறீங்கள்?" என்று தொடங்கியவள் எப்போது "நீர்" என்றாள்? அவன் நினைவில், பஸ் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். அவள் நினைவில், அன்று முழுக்க "நீங்கள்"தான். வேறு எந்த விளக்கமும் இல்லாமல் யார் முதலில் விழுந்தது என்று தெரிந்துவிடுகிறது. ஆங்கில வசனவரியில் மட்டும் இது செத்துப்போகும், அங்கே இரண்டுக்கும் ஒரே சொல். அதற்கு முகபாவத்தை நம்ப வேண்டியதுதான்.

ஒலியை மறந்துவிடாதீர்கள். அவன் காதில் ஹோர்ன் சத்தம், அவள் காதில் குடைத்துணியில் விழும் மழை.

கடைசியாக, தீர்ப்புச் சொல்லும் ஆசை. இருவரும் பிறகு ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து நடந்ததைக் கதைத்துச் சரிபார்ப்பதாக மூன்றாவது பகுதி ஒன்றும் வைத்திருந்தோம். அதை வெட்டிவிட்டோம். இப்போது படம் முடியும்போது, குடையை அவளிடம் கொடுத்துவிட்டதாக அவன் நினைக்கிறான், அவன் கொண்டுபோய்விட்டதாக அவள். பஸ் போன பிறகு நான்கு நொடி, தரிப்பின் வாங்கில் குடை கிடக்கிறது.