பழைய வானுக்குப் பாவித்த சஸ்பென்ஷன் உதிரிப்பாகங்களைப் பார்த்து வாங்கும் முறை

திருமலையில் நிலாவெளி ஓட்டத்துக்கும் கொழும்புப் பயணத்துக்கும் இன்றும் நம்பிக்கையோடு பயன்படும் வான், நாம் டொல்பின் என்று அழைக்கும் பழைய டொயோட்டா ஹயஸ். இந்த விளக்கத்தை அந்த வானை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். வேறு வான் வைத்திருப்பவர்களும் அளவெடுக்கும் முறையையும் சோதிக்கும் முறையையும் அப்படியே பின்பற்றலாம்.

படி 1: உங்கள் வானை அறிந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் வானின் அடியில் டோர்ச் அடித்துப் பாருங்கள். சாதாரண டொல்பினில் முன்பக்கம் டோர்ஷன் பார் எனப்படும் முறுக்குக் கம்பியும் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கும் இருக்கும். ஆனால் அதே உருவமுடைய சுப்பர் கஸ்டம் வகையில் பின்பக்கம் சுருள் ஸ்பிரிங் வரும். நான்கு சில்லும் இழுக்கும் வகையின் பாகங்களும் வேறானவை. ஆகவே பெயரை மட்டும் சொல்லி வாங்காமல், சேசி இலக்கத்தின் முன்பகுதியில் உள்ள மாதிரிக் குறியீட்டை எழுதிக்கொண்டு, பாகம் கழற்றப்பட்ட வானின் குறியீட்டையும் கடைக்காரரிடம் கேளுங்கள்.

குறியீடு பொருந்தினாலும் அளவெடுக்காமல் வாங்க வேண்டாம். சில வருடங்களுக்கு முன்னர் தொலைபேசியில் மாதிரியை மட்டும் சொல்லி, ஒரு சோடி பின் ஸ்பிரிங்கைக் கொழும்பிலிருந்து பஸ்ஸில் எடுப்பித்தேன். மொத்த நீளம் சரியாக இருந்தது. ஆனால் முன் கண்ணிலிருந்து (ஸ்பிரிங்கின் நுனியில் போல்ட் நுழையும் வளையம்) செண்டர் போல்ட் (பட்டைகளை ஒன்றாகப் பிடிக்கும் போல்ட்) வரையான தூரம் குறைவாக இருந்ததால் அச்சு முன்னே தள்ளி நின்றது. விற்றவர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். அன்றிலிருந்து முன் கண்ணிலிருந்து செண்டர் போல்ட் வரை, அங்கிருந்து பின் கண் வரை, பட்டையின் அகலம், தடிப்பு, பட்டைகளின் எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் குறித்துக்கொண்டுதான் புறப்படுகிறேன். முடிந்தால் கழற்றிய பழைய பாகத்தையே கையோடு கொண்டுபோங்கள்.

படி 2: எதைப் பழையதாக வாங்கலாம் என்று முடிவுசெய்யுங்கள்

இரும்பைப் பழையதாக வாங்கலாம். ரப்பரையும் தேயும் மூட்டுகளையும் அப்படி வாங்கக் கூடாது. கொன்ட்ரோல் ஆம் (சில்லுப் பகுதியைச் சேசியோடு இணைக்கும் இரும்புக் கை), பட்டை ஸ்பிரிங், முறுக்குக் கம்பி ஆகியவற்றைச் சோதித்து வாங்கலாம். போல் ஜொயின்ட் (உருண்டை மூட்டு), புஷ் (மூட்டுத் துளைக்குள் இருக்கும் ரப்பர் உறை), டை ரொட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியின் நுனி மூட்டு), யூ போல்ட் (ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் வளைந்த போல்ட்) ஆகியவை புதிதாகவே இருக்க வேண்டும். யூ போல்ட் ஒருமுறை இறுக்கப்பட்டதும் இழுபட்டுவிடும் என்பதால் அதில் மிச்சம் பிடிப்பது ஆபத்து. பழைய ஆம் ஒன்றின் விலையைக் கேட்கும்போது புது புஷ்ஷின் விலையையும் அதை அழுத்திப் பொருத்தும் கூலியையும் கூட்டிப் பாருங்கள். சில வேளை புதியதே இலாபமாக முடியும்.

படி 3: கையில் எடுத்துச் சோதியுங்கள்

கடற்கரை ஊரில் உப்புத்தான் முதல் எதிரி. மீன் ஏற்றிய வானிலிருந்து கழற்றிய பின் ஸ்பிரிங்கில் ஐஸ் தண்ணீர் வடிந்து வடிந்து, பட்டைகளுக்கிடையே துரு அடுக்கடுக்காகப் பொருமியிருக்கும். அதை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் விட்டுவிடுங்கள். ஜப்பானில் இருந்து நேரே வந்தது என்ற சொல்லும் போதாது, ஏனெனில் அங்கே பனி பெய்யும் பகுதிகளில் வீதிக்கு உப்புத் தூவுகிறார்கள்.

பட்டை ஸ்பிரிங்கைக் கம்பிப் பிரஷ்ஷாலும் மண்ணெண்ணெயாலும் துடைத்து, செண்டர் போல்ட் துளையைச் சுற்றியும் கண்ணின் வளைவிலும் மயிரிழை போன்ற வெடிப்பு உள்ளதா எனப் பாருங்கள். பிறகு கண்ணிலிருந்து கண்ணுக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்து, நூலுக்கும் பட்டையின் நடுப்பகுதிக்கும் உள்ள இடைவெளியை அளந்து சோடியின் மற்றதோடு ஒப்பிடுங்கள். ஒன்று கூடுதலாகத் தட்டையாகியிருந்தால் வான் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும்.

முறுக்குக் கம்பியின் நுனியில் இடம், வலம் எனக் குறி இருக்கும். ஒவ்வொன்றும் தனக்குரிய திசையில் முறுக்கேறப் பழக்கப்பட்டது என்பதால் மாற்றிப் பூட்டக் கூடாது. ஆழமான கீறல், துருக்குழி, வெல்டிங் புள்ளி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது வேண்டாம். முறிவு அங்கிருந்துதான் தொடங்கும்.

கொன்ட்ரோல் ஆமை உங்கள் பழைய ஆமின் மேல் வைத்துத் துளைகள் ஒன்றுக்கொன்று நேராக வருகின்றனவா எனப் பாருங்கள். பெயின்ட் ஓரிடத்தில் மட்டும் வெடித்து உதிர்ந்திருந்தால், அது வளைந்து நிமிர்த்தப்பட்டதாக இருக்கலாம்.

குலுக்கத்தைத் தணிக்கும் சொக் அப்சோர்பரை நான் பழையதாக வாங்குவதில்லை. வேறு வழியில்லை என்றால், அதை நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு முறை அழுத்தி இழுத்த பின்னரே மதிப்பிடுங்கள், ஏனெனில் கிடத்தி வைத்திருந்ததில் உள்ளே காற்று கலந்திருக்கும். அதன் பிறகும் நடுவில் ஓரிடத்தில் வெறுமையாக இறங்கினால் அது முடிந்துவிட்டது. தண்டின் மேல் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் சிறு குழியில் தட்டினால் அந்தக் குழி, எண்ணெயைத் தடுத்து வைத்திருக்கும் சீல் வளையத்தை அரித்து எண்ணெயை வெளியேற்றிவிடும்.

படி 4: வாங்குதலும் பூட்டுதலும்

பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பி எடுப்பார்கள் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ஸ்பிரிங்கைச் சோடியாகவே மாற்றுங்கள். புஷ் போல்ட்டுகளை ஜக்கில் தூக்கிய நிலையில் இறுதியாக இறுக்க வேண்டாமென மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். சில்லுகள் நிலத்தில் பதிந்து வானின் பாரம் இறங்கிய பின் இறுக்கினால்தான் ரப்பர் முறுகாமல் நீடிக்கும். வீல் எலைன்மென்ட் (சில்லுகளின் நேர்) பார்த்துவிட்டு, சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் யூ போல்ட் நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்குவியுங்கள்.