மாங்கொத்தை ஒடிக்காதீர்கள்: தோட்டத்துப் பச்சையில் பண்டிகை அலங்காரம் செய்பவர்களுக்கு

கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டைச் சுற்றி நாலு மரம் வைத்திருப்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். ஓசூரில் வேலை, பர்கூரிலோ காவேரிப்பட்டணத்திலோ கொஞ்சம் நிலம், அதில் சந்தூரில் வாங்கிய ஒட்டு மாங்கன்றுகள், ஓரத்தில் தென்னை, வேலிக்கு அரளி. பண்டிகை வந்தால் சந்தைக்குப் போகாமல் சொந்தத் தோட்டத்துப் பச்சையிலேயே வாசலை அலங்கரிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் நாங்கள் ஆரம்பத்தில் செய்து, வீட்டுப் பெரியவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு விட்ட அதே தவறுகளை ஒவ்வொரு போகிக்கும் யாராவது புதிதாகத் தொடங்குகிறார்கள்.

இலையைக் கழுவுங்கள், வெயில் ஏறும் முன் பறியுங்கள், ஏணியைப் பார்த்துப் போடுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது யாருக்கும் தெரியும்.

## மாங்கொத்தை நுனியோடு ஒடிப்பது

போகி அன்று காப்புக் கட்ட வேண்டும். மாவிலை, வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ எல்லாம் சேர்த்து வீட்டுக்கு ஒரு கட்டு, மாட்டுக் கொட்டகைக்கு ஒன்று, கிணற்றடிக்கு ஒன்று, கொல்லைக்கு ஒன்று. ஆவாரையும் பூளையும் கரட்டிலோ வரப்பிலோ கிடைத்துவிடும். மாவிலைக்கு வீட்டு மரம். கைக்கு எட்டும் கிளையை வளைத்து, எட்டுப் பத்து இலை சேர்ந்தாற்போல் இருக்கும் நுனியைப் பட்டென்று ஒடிக்கிறார்கள். கட்டுவதற்கு வாகான கொத்து, மறுக்கவில்லை. ஆனால் அந்த வருஷத்து மாங்காய் அந்த நுனியில்தான் இருக்கிறது.

மா பூப்பது முற்றிய கிளையின் நுனி மொட்டில். அறுவடை முடிந்ததும் விடும் தளிர் மாதக்கணக்கில் முற்ற வேண்டும். அப்புறம் மார்கழிக் குளிரும் காய்ந்த மண்ணும் சேர்ந்தால் அந்த நுனியில் பூங்கொத்து கிளம்பும். போகி வரும்போது பல மரங்களில் மொட்டு உப்பியிருக்கும், சிலவற்றில் பூவே தலைகாட்டியிருக்கும். சரியாக அந்த நேரம் பார்த்து நுனியை ஒடித்து நிலைப்படியில் கட்டுகிறோம். ஒடித்த இடத்துக்குக் கீழேயிருந்து சில சமயம் பக்கவாட்டில் பூ வரும். அதை நம்பி ஒடிக்க முடியாது.

ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருந்தாலும் கடைசியில் நின்று பழுப்பது ஒன்றோ இரண்டோதான், பல கொத்தில் அதுவும் இல்லை. அதனால் ஒரு நுனி போனால் என்ன என்று தோன்றும். ஆனால் காப்புக்கு, தோரணத்துக்கு, கலசத்துக்கு, அக்கம்பக்கத்தார் கேட்டதற்கு என்று ஒரே மரத்தில் ஐம்பது அறுபது நுனி போகிறது. அதுவும் எப்போதும் கைக்கு எட்டும் உயரத்தில், வீட்டைப் பார்த்த பக்கத்தில். ஏணியும் கொக்கியும் இல்லாமல் பிள்ளைகள் பறித்துத் தின்னக்கூடிய காய் காய்ப்பதும் அதே இடத்தில்தான்.

போச்சம்பள்ளிப் பக்கம் வீடு கட்டிக் குடிவந்த ஒருவர் வைகாசியில் கூப்பிட்டார். "அண்ணா, மேல நல்லா காய் இருக்குது. கீழ வீட்டுப் பக்கம் மட்டும் ஒண்ணுமே இல்ல. எதாவது நோயா?" போய்ப் பார்த்தேன். பெங்களூரா ரக மாமரம், நல்ல வளர்ப்பு. உச்சியில் கிளை வளைய காய். கீழே வரிசையாக மொட்டை நுனிகள், ஒடித்த இடத்தில் பட்டை நார் நாராகக் கிழிந்து காய்ந்திருந்தது. சிலவற்றில் அந்தக் காய்வு உள்ளே இறங்கிக் கிளையே கருகியிருந்தது. "நோய் இல்ல தம்பி, பொங்கல்" என்றேன். அவருக்குப் புரியச் சற்று நேரமானது.

எனக்கு எரிச்சல் வந்தது அதற்கு அப்புறம்தான். பூ நன்றாக வரட்டும் என்று புரட்டாசியில் வேரடியில் கல்டார் என்ற பூக்க வைக்கும் மருந்தை ஊற்றியிருக்கிறார். நுண்ணூட்டம் தெளிக்க ஆள்கூலி கொடுத்திருக்கிறார். காசு செலவழித்து வரவழைத்த பூவைத்தான் மூன்று மாதம் கழித்து ஒடித்து வாசலில் கட்டியிருக்கிறார். சொன்னால், "இலைதானே அண்ணா" என்கிறார்.

ஆயுத பூஜைக்கு ஒடிப்பது இன்னும் மோசம், ஏனென்றால் நஷ்டம் கண்ணுக்கே தெரியாது. அப்போது நம் மாவட்டங்களில் மழைக்காலம். நுனி போனதும் மரம் சும்மா இருக்காது, கீழேயிருந்து செம்புநிறத் தளிரை விடும். பார்ப்பவர், "ஒடிச்சது நல்லதுதான், எப்படித் தழைக்குது பாரு" என்பார். அந்தத் தளிர் தைக்குள் முற்றாது. முற்றாத கிளை பூக்காது. அந்த வருஷம் இலையோடு நின்றுவிடும். வேலை செய்யும் வண்டிக்கு எல்லாம் கொத்துக் கொத்தாக மாவிலை கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மாங்காய்தான் தொங்குவதாகத் தெரிகிறது. அல்போன்சா வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு வருஷம் காய்த்து மறு வருஷம் ஓய்வெடுக்கும் ரகம் அது. காய்க்கும் வருஷத்தில் நுனியை ஒடித்தால் அந்த வருஷத்துக் காயும் போய்விடும்.

சரி, மாவிலை இல்லாமல் பொங்கலா? தாராளமாகப் பறிக்கலாம், பறிக்கும் இடம் வேறு.

முதலில் ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே பாருங்கள். ஒட்டுக் கன்றில் அடித்தண்டிலிருந்து கிளம்பும் தளிர் நாட்டு மாவினுடையது. அதை எப்படியும் வெட்டித்தான் ஆக வேண்டும், விட்டால் மேலே இருக்கும் நல்ல ரகத்தை அமுக்கிவிடும். அதில் இலை தேறினால் முழுக் கொத்தாகவே எடுங்கள். அடுத்தது மரத்தின் உள்பக்கம், வெயிலே படாமல் நெட்டுக்குத்தலாக எழும்பும் போத்துகள். அவை பூப்பது அரிது, வெட்டினால் உள்ளே காற்றும் வெளிச்சமும் போகும். வரப்போரம் தானாக முளைத்த கொட்டை மரம் இருந்தால் இன்னும் நல்லது.

இது எதுவும் இல்லையென்றால் தனி இலையாகப் பறியுங்கள். நுனிக் கொத்தை விட்டுவிட்டு அதற்குக் கீழே இருக்கும் கரும்பச்சை இலையை, ஒரு கிளைக்கு இரண்டு என்று காம்போடு கிள்ளினால் போதும். தோரணத்துக்குத் தனி இலைதான் தேவை. கொத்தாக ஒடித்து, வீட்டில் உட்கார்ந்து இலையை உருவி, குச்சியைக் குப்பையில் போடுவதில் என்ன லாபம்? கொத்தே வேண்டும் என்றால் கவாத்துக் கத்தரியால் வெட்டுங்கள், இழுத்துக் கிழிக்காதீர்கள். காம்பில் வடியும் பால் முகத்தில் பட்டால் புண்ணாகும், அண்ணாந்து பறிக்கும்போது கவனம்.

மனம் போல ஒடிக்க ஒரு பண்டிகை இருக்கிறது: ஆடிப்பெருக்கு. ஒகேனக்கலுக்குக் கிளம்பும் அந்த நாட்களில் காய் பெரும்பாலும் இறங்கியிருக்கும், கவாத்து செய்ய வேண்டிய பருவமும் அதுதான். அப்போது வெட்டிய நுனியிலிருந்து வரும் தளிர் தைக்குள் முற்றிவிடும். வீடு முழுக்கத் தோரணம் கட்டுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

## மருந்து அடித்த இலையைக் கலசத்தில் வைப்பது

தை, மாசியில் பூ வந்ததும் தத்துப்பூச்சிக்கு மருந்து தெளிப்பது இங்கே பல தோப்புகளில் நடக்கும். அந்த மரத்து இலையை வாசலில் கட்டினால் பெரிய ஆபத்தில்லை. கலசத்தில் வைக்கும்போது கதை வேறு. இலை மணிக்கணக்கில் தண்ணீரில் நிற்கிறது, பூஜை முடிந்ததும் அதே தண்ணீரைத் தீர்த்தம் என்று குழந்தைக்கும் கொடுக்கிறோம். மேலோட்டமாக அலசினால் எல்லா மருந்தும் போய்விடாது, இலைக்குள்ளேயே ஊடுருவி நிற்கும் மருந்துகள் உண்டு. கலசத்துக்கு மட்டுமாவது மருந்தே படாத மரத்து இலையைத் தேடுங்கள். தோப்பை ஏலம் எடுத்தவர் எப்போது தெளித்தார் என்பது நிலத்துக்காரருக்கே தெரியாமல் இருக்கும். கேட்டுக்கொள்ளுங்கள்.

## தென்னங்குருத்தை வெட்டுவது

வெளிர்மஞ்சள் குருத்தோலையில் செய்த தோரணத்துக்கு ஈடில்லைதான். அதற்காக மூன்று நான்கு வயதுக் கன்றில், கைக்கு எட்டுகிறதே என்று குருத்தில் அரிவாள் வைக்காதீர்கள். தென்னைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்று. ஆழமாக வெட்டிவிட்டால் கன்று அவ்வளவுதான். மேலோடு வெட்டித் தப்பித்தாலும் வெட்டுவாயின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடிவந்து முட்டை வைக்கும். புழு தண்டுக்குள் குடைந்துகொண்டே இருக்கும், நமக்குத் தெரியும்போது குருத்து கையோடு வந்துவிடும். காய்க்கிற மரத்திலும் ஒவ்வொரு மட்டையின் இடுக்கிலும் ஒரு பாளை என்பது கணக்கு, ஆகவே மட்டை போனால் ஒரு குலைக்கு வழியில்லை.

யாராவது மரம் வெட்டும்போது குருத்து வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடிமட்டையின் பச்சை ஓலையிலேயே கிளி, பந்து எல்லாம் பின்னலாம். நிறம்தான் வேறு.

## குலை தள்ளாத வாழையை வெட்டுவது

வேண்டாம். தாய் மரத்தைச் சுற்றி நாலைந்து பக்கக்கன்று இருக்கும். மறுதாம்புக்கு, அதாவது அடுத்த விளைச்சலுக்கு, திடமான ஒன்றை விட்டுவிட்டு, உயரமான மற்ற இரண்டை வாசலுக்கு வெட்டுங்கள். வெள்ளையடித்த சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், கறை போகாது.

## சவுக்கின் உச்சியைக் கிறிஸ்துமஸ் மரமாக்குவது

டிசம்பரில் சவுக்குக் கிளையை வீட்டுக்குள் நட்டு நட்சத்திரம் தொங்கவிடும் வழக்கம் நம் பக்கமும் உண்டு. கூம்பு போல அழகாக இருக்கிறதே என்று இளமரத்தின் உச்சியை வெட்டினால், அது இரண்டு தலையாகப் பிரிந்து வளரும். பிறகு கம்புக்கு விலை போகாது. பக்கக் கிளை இரண்டைச் சேர்த்துக் கட்டினால் அதே வடிவம் வரும். ஈரமணல் நிரப்பிய வாளியில் நிறுத்தித் தினமும் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த சவுக்கு எரிகிற வேகம் விறகடுப்பு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் மெழுகுவத்தி வைக்காதீர்கள்.

## பூளைப்பூவை வேரோடு பிடுங்குவது

அரிவாளால் அறுத்தால் போதும். அடுத்த வருஷமும் போகி வரும்.

## பக்கத்து வீட்டு மரம்

கேட்டுவிட்டுப் பறியுங்கள். கேட்டிருந்தாலும் நுனியை விடுங்கள்.

## மாட்டுக்குப் போய்ச் சேரும் தோரணம்

மாட்டுப் பொங்கலுக்கு வேலியில் பூத்திருக்கும் செவ்வரளியைக் கட்டி மாட்டின் கழுத்தில் போடுகிறார்கள். பூவோடு இலையும் சேர்ந்திருக்கும், பக்கத்து மாடு எட்டிக் கடிக்கும். அரளியில் பூ, இலை, பட்டை எல்லாமே விஷம், கொஞ்சம் இலை உள்ளே போனாலும் இதயத்தைத் தாக்கும். காய்ந்தாலும் விஷம் குறையாது. அதனால் மாட்டுக்கு மட்டுமில்லை, கொட்டகை வாசலுக்கும் அரளி வேண்டாம். சாமி படத்துக்குப் போட்ட மாலையையும் ஆடு மேயும் குப்பைமேட்டில் வீசாதீர்கள், குழி தோண்டிப் புதையுங்கள். துலுக்கச் சாமந்தி கட்டினால் மாடு கடித்தாலும் பயமில்லை.

இப்போது இன்னொன்று சேர்ந்திருக்கிறது. அவசரத்துக்கு இலையை மடித்து ஸ்டேப்ளர் அடிக்கிறார்கள், வாழையையும் கரும்பையும் கட்டுக்கம்பியால் முறுக்குகிறார்கள். பண்டிகை முடிந்ததும் எல்லாவற்றையும் அப்படியே மாட்டுக்கு முன்னால் போடுகிறார்கள். மாடு மென்று துப்பாது, கம்பியையும் சேர்த்து விழுங்கும். வயிற்றில் தங்கிய கம்பி முனை குத்திக்கொண்டே முன்னால் நகர்ந்தால் அடுத்து இருப்பது இதயம். தீனி எடுக்காமல் நிற்கிற மாட்டுக்கு அஜீரணம் என்று வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்போம். இலைக்குத் தென்னை ஈர்க்கு, கட்டுவதற்கு வாழைநார் அல்லது சணல் போதும். கம்பி போட்டே ஆக வேண்டிய இடம் என்றால், அவிழ்க்கும்போது எத்தனை கம்பி கட்டினீர்களோ அத்தனையும் கையில் வந்ததா என்று எண்ணிப் பார்த்துவிட்டு அப்புறம் தீவனத் தொட்டியில் போடுங்கள்.